பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும்

சித்தூர்
4-9-2024

தேவரீர் கண்ணபிரான் அண்ணா திருவடிகளில் அடியேன் பிரஹ்லாத் தெண்டன் சமர்ப்பித்துச் செய்யும் விண்ணப்பம்.

இங்கு எல்லோரும் க்ஷேமம். போன மார்கழிக்குப் பிறகு நாம் பேசவில்லை. அன்று கோஷ்டியில் நீங்கள் பாசுரத்தைத் தொடங்கும் முன் நான் தொடங்கியது தவறு. எட்டு மாதம் யோசித்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அந்தத் தவறுக்குப் பரிகாரமாக ஒரு யோசனை. இங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெயச்சந்திரன் என்று ஒருவர் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். நகரிக்காரர். வரும் பிப்ரவரியில் ஆறு நாள் இலங்கைக்கு ஆட்களை அழைத்துப் போகிறார். அநுராதபுரம், கண்டி, களனி. களனியில் புத்த விகாரைக்குள்ளேயே விபீஷணனுக்கு ஒரு சன்னிதி இருக்கிறதாம். சரணாகதி என்றால் விபீஷணன் பெயரைச் சொல்லாமல் நம் வீட்டில் ஒரு நாள் போனதுண்டா? நேரில் சேவித்துவிட்டு வந்தால் என்ன?

நீங்களும் வஸுமதி மன்னியும், நானும் ப்ரியம்வதாவும் என்று நான்கு பேர். தூரமும் ஒன்றுமில்லை. ஜெயச்சந்திரன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னா சாமி யோசிக்கிறீங்கோ? மெட்ராஸ்ல ஏறி ஒரு இட்லி துன்னு முடிக்கறதுக்குள்ள கொழும்பு வந்துரும். கடல்னு ஒண்ணு கீறதே தெரியாது."

பதில் எதிர்பார்க்கும்,
பிரஹ்லாத்


திருப்பதி
11-9-2024

சிரஞ்சீவி பிரஹ்லாதுக்கு,

கடிதம் வந்தது. 'தெண்டன் சமர்ப்பித்த விண்ணப்பம்' என்று தொடங்கியிருக்கிறாய். இதற்கு முன் நீ என்னை அப்படி விளித்தது உன் மகனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டியபோது. ஆகவே இரண்டாம் முறை படித்தேன்.

உனக்குத் தெரியாததல்ல, ஆனால் தெரியாதவன் போல எழுதியிருப்பதால், தெரியாதவனுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். நம் கொள்ளுத்தாத்தா எழுதிவைத்த சாசனப்படி, நம் தெருக்கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியை நம் வம்சத்தில் மூத்தவன் தொடங்குவான். முதல் தீர்த்தம் அவன் கையில் விழும். கடல் கடந்தவனுக்கு இந்த உரிமை கிடையாது, அடுத்தவனுக்குப் போகும். விமானத்தில் போனாலும் கடல் கடல்தான் என்று 1987இல், மஸ்கட் போய்வந்த ஒருவர் விஷயத்தில், கோயில் கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. இப்போது மூத்தவன் நான். அடுத்தவன் சித்தப்பா பிள்ளையான நீ.

நமக்குப் பிறகு எடுத்து நடத்தக் கரையில் ஆளில்லை. உன் மகன் பரத் டாலஸில் இருக்கிறான், என் பெண் ஸ்ரீநிதி சிங்கப்பூரில். அது வேறு விசாரம்.

விபீஷணனைச் சேவிக்க அழைக்கிறாய். அண்ணன் இருந்த இடத்தில் தம்பி வந்து உட்கார்ந்த கதை அது. க்ஷேத்திரத்தை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய்.

கண்ணபிரான்


சித்தூர்
17-9-2024

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ப்ரியம்வதாவைக் கேட்டால் மூன்று வேளையும் இறங்கியது என்பாள். அவளுக்கு என் மனசு தெரியாது.

இலங்கையை மஸ்கட்டோடு சேர்க்கலாமா? பெருமாளே நடந்து போன பூமி அது. அவருக்கு வராத தோஷம் அவரைப் பாடுகிறவர்களுக்கு வருமா? கமிட்டியில் ஒரு வார்த்தை பேசி, இலங்கைக்கு மட்டும் விலக்கு வாங்கிவிடலாம். நானே பேசுகிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நடக்கவேண்டிய காரியம் ஒன்றுதான். ஜெயச்சந்திரனுக்கு உங்கள் இருவருடைய பாஸ்போர்ட் நகல் வேண்டும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் போதாது. எல்லாப் பக்கங்களும் வேண்டும். இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறார்களாம்.

பிரஹ்லாத்

பி.கு. நகலை நேரே ஜெயச்சந்திரனுக்கு அனுப்ப வேண்டாம். எனக்கு அனுப்பினால் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.


திருப்பதி
29-9-2024

பிரஹ்லாதுக்கு,

புரட்டாசிக் கூட்டம். தெருவில் நடக்க இடமில்லை. அதனால் தாமதம்.

பெருமாள் இலங்கைக்குப் போனது பாலம் கட்டி. ஜெயச்சந்திரன் பாலம் கட்டுவதாகத் தெரியவில்லை. மேலும், பெருமாள் போனது பிராட்டியை மீட்டு வர. நாம் அவரவர் மனைவியைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறோம். உவமை எந்தப் பக்கமும் பொருந்தவில்லை.

நான் முப்பத்திரண்டு வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவன். ஒரு புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒருவன் நகல் கேட்டால், அவனுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட பக்கம் என்று எனக்குத் தெரியும். உனக்கு எந்தப் பக்கம் வேண்டும்?

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. ஆகையால் நகலும் இல்லை.

நாம் இருவரும் தபால்காரரை நடக்கவிட்டுக்கொண்டிருக்கிறோம். நம் மனைவிமார் தினமும் பதினோரு மணிக்குப் போனில் பேசிக்கொள்கிறார்கள். நேற்று வஸுமதி அடுக்களையிலிருந்து வந்து சொன்னாள்: "ஏன்னா, ப்ரியம்வதா ஒண்ணு சொன்னா. அந்த டிராவல்ஸ்காரர் லிஸ்டுல மூணு பேர்தான் இருக்காம். நீங்க, நான், அவ. உங்க தம்பி பேரையே காணோம்னு அவ ஒரே கோபமா இருக்கா."

நான்கு பேர் என்று எழுதியவன் நீ. மூன்று பேரைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, நான்காமவன் கரையில் இருந்து என்ன செய்வதாக உத்தேசம்?

கண்ணபிரான்


சித்தூர்
6-10-2024

அண்ணாவுக்கு,

எனக்கு முதுகுவலி. அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. குணமானதும் என் பெயரைச் சேர்க்கலாம் என்றுதான் ஜெயச்சந்திரனிடம் சொல்லியிருந்தேன். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. நிற்க.

உங்களிடம் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போன சனிக்கிழமை கோயிலுக்கு வந்தபோது உங்கள் பக்கத்து வீட்டு நாகையா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "பாஸ்போர்ட்டா? மா ஸ்வாமிகாருக்கு இல்லாமலா? ஆறு வருஷம் முன்ன போலீஸ் என்கொயரிக்கு வந்தாங்களே. ரொம்ப மஞ்சி மனிஷி, நல்லவருன்னு நானே சைன் போட்டு அனுப்பினேன்."

ஆறு வருஷத்துக்கு முன் என்றால் 2018. அந்த வருஷம் ஆனி மாதத்தில் நீங்களும் மன்னியும் கேரளத்துக்கு எண்ணெய் வைத்தியத்துக்குப் போனீர்கள். நாற்பது நாள். அத்தனை நாளும் கோஷ்டியைத் தொடங்கியவன் நான். திரும்பி வந்த மன்னி, "மலையாள வைத்தியர் கொடுத்தது, முழங்காலுக்குத் தேய்ச்சுக்கோ" என்று ப்ரியம்வதாவிடம் ஒரு பச்சைத் தைலம் கொடுத்தார். நல்ல தைலம். தீர்ந்த பிறகு புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சீன எழுத்து.

மலையாளிகள் எப்போது சீனம் எழுத ஆரம்பித்தார்கள் என்று, நூலகத்தில் வேலை பார்த்த உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன்.

புட்டி பத்திரமாக இருக்கிறது.

பிரஹ்லாத்


திருப்பதி
18-10-2024, வெள்ளிக்கிழமை

பிரஹ்லாதுக்கு,

புரட்டாசி முடியட்டும் என்று காத்திருந்தேன். நேற்று முடிந்தது. இன்று காலை பாசுரம் சேவித்து முடித்து, சாற்றுமுறை ஆனதும் கமிட்டித் தலைவரிடம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். இனி கோஷ்டியைத் தொடங்க வேண்டியவன் நீ. ஊரார் வாயால் கேட்பதற்குள் என் கையெழுத்தில் நீ படிக்கவேண்டும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நீ சந்தேகப்பட்டது சரி. கேரளத்துக்குப் போகவில்லை. ஸ்ரீநிதிக்கு ஏழாம் மாதம் தொடங்கியதுமே பிரசவமாகிவிட்டது. குழந்தை தொள்ளாயிரம் கிராம். இன்றும் கடையில் ஒரு கிலோ சர்க்கரையைக் கையில் வாங்கினால், இதைவிட நூறு கிராம் குறைவு என்றுதான் தோன்றுகிறது. மாப்பிள்ளை போன் செய்தபோது எனக்குச் சாசனம் ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது. வந்தும் போனேன். கண்ணாடிப் பெட்டியில் ஒரு துவாரம் வைத்திருந்தார்கள். அதன் வழியே விரலை நீட்டினால் அது பிடித்துக்கொண்டது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. என்னோடு இங்கிலீஷில் சண்டை போடுகிறது.

திரும்பி வந்ததும் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. முன்வரிசையில் நின்று பழகியவனுக்கு அங்கிருந்து இறங்கும் படி எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. ஆனால் ஒன்று. ஆறு வருஷமாக முதல் தீர்த்தம் என் கையில்தான் விழுந்தது. ஒரு சொட்டும் வாய்க்குள் போனதில்லை. கண்ணில் ஒற்றித் தலையில் தடவிக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை; இன்று கோஷ்டியில் இதையும் சொல்லிவிட்டேன். ஏமாந்தது கோஷ்டிதான், பெருமாள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது எந்தக் கிரந்தத்திலும் இல்லாத வியாக்கியானம்.

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "இத ஏன் ஓய் சொன்னீர்? ஒருத்தரும் கேக்கலையே!" என்றார்.

நீ கேட்டாய் என்று சொல்லவில்லை. புட்டியை இனித் தூக்கி எறியலாம்.

இன்னொன்று. எனக்கு இப்போது இழக்க ஒன்றுமில்லை. ஆகவே இலங்கைக்கு வருகிறேன். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும் இத்துடன் இருக்கின்றன.

கண்ணபிரான்


சித்தூர்
14-11-2024

அண்ணாவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் தீபாவளியைக் கடத்தினேன்.

நான் கேட்டது இதுவா? நான்கு சுவருக்குள் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள், மாதத்தில் பாதி நாள் நான் தொடங்கலாம் என்று ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம், இவ்வளவுதான் நினைத்தேன். என் அப்பா நாற்பத்தொரு வருஷம் அந்தக் கோஷ்டியில் இரண்டாவதாகக் கை நீட்டினார். கடைசியாக ஆஸ்பத்திரியில் நர்ஸ் மாத்திரைக்குத் தண்ணீர் கொடுத்தபோதுகூட, பக்கத்துக் கட்டில்காரர் வாங்கிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் கையிலாவது முதலில் விழட்டும் என்றுதான் இதெல்லாம்.

விழுந்தது. இருபது நாளாக விழுகிறது. விடியற்காலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து, தொடங்கி, முடித்து, நீங்கள் இருக்கும் பக்கம் திரும்பாமலே சித்தூர் திரும்புகிறேன். முதுகுவலி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. நான் தீர்த்தம் வாங்கும்போது கோஷ்டி முழுக்க என் தொண்டையைப் பார்க்கிறது, விழுங்குகிறேனா என்று. உங்கள் உபயம். முந்தாநாள் புரைக்கேறிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கமிட்டி புதிதாக ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. கோஷ்டியைத் தொடங்குகிறவன் தன் பாஸ்போர்ட்டைக் கோயிலில் ஒப்படைக்கவேண்டும். என்னுடையது இப்போது பெருமாள் நகைகளோடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதற்கு மூன்று சாவி, மூன்று பேரிடம்.

ப்ரியம்வதா பயணத்தை விடுவதாக இல்லை. "நீங்க முதல் தீர்த்தம் சாப்பிட்டுண்டு சௌக்கியமா இருங்கோ. நான் மன்னியோட லங்கைக்குப் போயிட்டு வரேன்" என்கிறாள். பெட்டி வாங்கியாயிற்று. என்னைக் கேட்காமலே.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அன்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்களே, அது மனசாட்சியா? அல்லது என்னை இங்கே கட்டிப்போட்டுவிட்டு நீங்கள் போவதற்கா?

பிரஹ்லாத்


கண்டி
12-2-2025

பிரஹ்லாதுக்கு,

விடுதிக்காரர் தபால்தலை கொடுத்தார். நான் ஊர் சேர்ந்த பிறகுதான் இது உனக்குக் கிடைக்கும் போலிருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கேள்விக்கு மூன்று மாதம் யோசித்தேன். இரண்டும்தான். எந்த விகிதத்தில் என்று தெரியவில்லை.

நேற்று முன்தினம் களனி. புத்தரைச் சேவித்துவிட்டுப் பக்கத்துச் சன்னிதியில் பார்த்தால் விபீஷணன். பழத்தட்டோடு சிங்களக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. நாங்களும் நின்றோம். ஒருவரும் என்னை முன்னால் வரச் சொல்லவில்லை. எங்கள் முறை வர முக்கால் மணி ஆயிற்று. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு சன்னிதி வரிசையில் முழுதாக நின்றேன். கால் வலித்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் மகனுடைய நெற்றியை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் போலும். முன்வரிசையில் நின்றால் இதெல்லாம் கண்ணில் படாது. பெருமாள் மட்டும்தான் தெரிவார்.

இங்கே கண்டியில், புத்தரின் பல்லான தந்ததாதுவை வைத்திருக்கும் மாளிகைக்கு எதிரே நம் பெருமாளுக்கு ஒரு கோயில் இருக்கிறது. புத்த சாசனத்துக்குக் காவல் அவர் என்று வழிகாட்டி சொன்னார். அவர் கடல் கடந்து வந்து வேலை பார்ப்பதை நம் கமிட்டிக்கு எழுதிப்போடலாமா என்று யோசித்தேன். அவருக்கும் பாஸ்போர்ட் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஜெயச்சந்திரன் எல்லா இடத்திலும் எங்களை எண்ணுகிறார். எண்ணி முடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும், "சித்தூர் சாமிய வுட்டுட்டு வந்துட்டமே" என்கிறார். ப்ரியம்வதா அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

கண்ணபிரான்


சித்தூர்
24-3-2025

அண்ணாவுக்கு,

கண்டிக் கடிதம் வந்தது. பதில் எழுதும் நிலையில் இல்லை. இது வேறு விஷயம்.

நேற்று பரத் போன் செய்தான். மருமகளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறதாம். ஒன்பதாம் மாதம் வரை டாக்டர் விடமாட்டாராம். மே முதல் வாரத்தில் குழந்தையை எடுத்துவிடுவார்கள். "அப்பா, நீயும் வரணும்" என்றான். அவன் அப்படிக் கேட்பவனில்லை. ப்ரியம்வதா டிக்கெட் போட்டுவிட்டாள். ஒன்று. "இரும்புப் பெட்டியக் கேட்டுண்டு சொல்லுங்கோ, ரெண்டாவது போடறேன்" என்கிறாள்.

மூன்று சாவிக்காரர்களையும் எப்படிக் கேட்பது? கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஐந்து மாதம்தான் ஆகிறது, அண்ணா. அப்பாவின் படத்துக்கு எதிரே நிற்கமுடியவில்லை. வெளியூரில் வைத்தியம் என்று ஏதாவது சொல்லலாம் என்றால், அதை நீங்கள் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். இனி நம் வம்சத்தில் ஒருவன் தலைவலி மாத்திரை வாங்கினாலும் கமிட்டி சீட்டைக் கேட்கும்.

நீங்கள் எப்படிப் போனீர்கள்? பொய் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. எப்படிப் போனீர்கள்?

பிரஹ்லாத்


திருப்பதி
28-3-2025

என் தம்பி பிரஹ்லாதுக்கு,

உன் கடிதம் பதினோரு மணிக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்குள் கமிட்டித் தலைவர் வீட்டில் இருந்தேன். நீ என்னைக் கேட்டு நான் போகவில்லை. கோபித்துக்கொள்வதானால் பிற்பாடு கோபித்துக்கொள். "அவன் பாஸ்போர்ட்டக் கொடுத்துடுங்கோ. பேரன் பொறக்கப் போறான்" என்றேன். அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க வம்சத்துக்கு வேற வேலையே கெடையாதா ஓய்?" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை காலை சாற்றுமுறைக்குப் பிறகு மூன்று சாவியும் ஓரிடத்துக்கு வரும். நீ வந்து வாங்கிக்கொள். எல்லோர் முன்னிலையிலும் வாங்கு. ஒளித்து வாங்கினால் எத்தனை வருஷம் தலையில் தடவ வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

எப்படிப் போனீர்கள் என்று கேட்டாய். பயந்துகொண்டேதான் போனேன். விமானம் கிளம்பியதும் கீழே பார்த்தேன். முதலில் கடல். பிறகு மேகம் மூடிவிட்டது. அதற்குப் பிறகு குழந்தையைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை. உனக்கும் வராது.

நம் இருவருக்கும் பிறகு யார் தொடங்குவது என்று கமிட்டி தவித்துப்போயிருக்கிறது. வாரம் ஒருவர் தொடங்கட்டும், கடல் கடந்தவர் கடக்காதவர் என்று பார்க்கவேண்டாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. வேறு வழியில்லாததால் அது தர்மமாகிவிடும் என்று நினைக்கிறேன்.

சித்தப்பாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு நான் பதில் எழுதவில்லை. அவர் இரண்டாவதாகக் கை நீட்டுவதை என் அப்பாவின் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு அது கண்ணில் பட்டதில்லை.

திரும்பி வந்ததும் கோஷ்டிக்கு வா. நான் இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறேன். என் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. முன்வரிசைக்கு மேலே மின்விசிறி இல்லை என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இங்கே உண்டு.

இதிலும் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. எனக்கு இடப்பக்கத்தில் உட்காருகிறவர் சுருதி சேராமல் சேவிக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும்.

கண்ணபிரான்